2147483647 பகா எண் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்?

கேள்வி இதுதான்: "2147483647 என்ற எண் கணினி சம்பந்தப்பட்ட இடங்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது ஒரு பகா எண் என்றும் சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய எண்ணைப் பகா எண் என்று எப்படி உறுதி செய்தார்கள்? அதற்கு வேறு என்னென்ன பண்புகள் உண்டு?"

எனக்கு மிகவும் பிடித்த எண் இது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. வாய்விட்டுப் படித்தாலும் பார்க்க ஒரு மொபைல் நம்பர் மாதிரிதான் இருக்கிறது, பத்து இலக்கம், எந்த ஒழுங்கும் தெரியவில்லை. ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்: 2147483648. இது 2-ஐ 31 முறை பெருக்கினால் வரும் எண். ஆக நம் எண் 2³¹ − 1. இரும முறையில் எழுதினால் 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூஜ்யம்கூட இருக்காது. பதின்ம முறையில் 999999 எப்படியோ, இரும முறையில் இந்த எண் அப்படி. கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு வடிவத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 32 பிட் முழு எண்ணில் ஒரு பிட் கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விடும், மிச்சம் 31. அந்த 31 பிட்டிலும் ஒன்றைப் போட்டால் கிடைக்கும் உச்ச மதிப்பு 2147483647. நிரல் எழுதுகிறவர்கள் இதைச் சந்திப்பது இதனால்தான். 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு, இந்த எண்ணைத் தொடும். அதற்கு அடுத்த விநாடி கணக்கு எதிர்மறைக்குத் திரும்பி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். இதற்கும் அது பகா எண்ணாக இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 16 பிட் எண்ணின் உச்சமான 32767-ஐப் பாருங்கள்: 7 × 31 × 151. 64 பிட் உச்சமான 2⁶³ − 1-உம் 7-ஆல் வகுபடும். இந்த மூன்றில் நடுவில் இருக்கும் 32 பிட்டுக்கு மட்டும் உச்ச மதிப்பு பகா எண்ணாக அமைந்துவிட்டது. தற்செயல்தான், ஆனால் அந்தத் தற்செயலால் ஒரு பெரிய பயன் விளைந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போது பகா எண் வரும்? அடுக்கு பகு எண்ணாக இருந்தால் ஒருபோதும் வராது. 2⁶ − 1 இரும முறையில் 111111. இதை 111 × 1001 என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம், 999999 = 999 × 1001 என்று பிரிப்பது போலவே. ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆகவேண்டும். அது மட்டும் போதுமா என்றால் போதாது. 11 பகா எண், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த இடத்தில் பலர் சறுக்கியிருக்கிறார்கள். இத்தாலியக் கணித அறிஞர் கட்டால்டி 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று சரியாக நிறுவினார். கூடவே 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்று 1603-இல் வெளிவந்த நூலில் சொல்லிவிட்டார். 1640-இல் பிரான்சின் கணித அறிஞர் ஃபெர்மா அவற்றில் இரண்டை உடைத்தார்: 23-ஆம் அடுக்கு எண்ணை 47 வகுக்கும், 37-ஆம் அடுக்கு எண்ணை 223 வகுக்கும். 29-ஐ 1738-இல் கணித மேதை ஆய்லர் உடைத்தார்: 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. எஞ்சியது 31 மட்டும். அது கட்டால்டி சொன்னபடியே சரி என்பதை நிறுவியவரும் ஆய்லர்தான். 1772-இல், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில், பார்வையை ஏறக்குறைய முழுதாக இழந்திருந்த நிலையில் பெர்னூலி என்ற சக அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெரிவித்தார்.

எப்படிச் செய்தார்? பதிலின் முக்கியமான பகுதி இதுதான், இங்கே கொஞ்சம் பொறுமையாகப் போகலாம்.

பள்ளியில் படித்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண் பகு எண்ணானால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு காரணி இருந்தே தீரும். 46340-இன் வர்க்கம் 2147395600. 46341-இன் வர்க்கம் 2147488281, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆக 46340 வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை 4792. ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும், தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஐம்பது நாள் ஆகும். நடுவில் ஒரு தப்பு நடந்தால் அவ்வளவு உழைப்பும் வீண்.

ஆய்லர் செய்தது, வகுக்க உட்காருவதற்கு முன்பே யார் யார் வகுக்க வாய்ப்பே இல்லை என்று கழித்துக்கட்டியது. நம் எண்ணை 'ப' என்ற பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று அடுக்குகளை எழுதி ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதியை மட்டும் குறித்துக்கொண்டே போனால், மீதிகள் ஒரு சுற்றாகச் சுழலும். 7-ஆல் வகுத்தால் 2, 4, 1, 2, 4, 1 என்று மூன்று அடிக்கு ஒரு சுற்று. நம் ப-வுக்கு 31-ஆம் அடியில் மீதி 1 வந்துவிடுகிறது. ஆக சுற்றின் நீளம் 31-ஐ மிச்சமில்லாமல் வகுக்க வேண்டும். 31 பகா எண்ணாயிற்றே, எனவே நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-ஐ வகுத்தாலே மீதி 1 வரவேண்டும், அது நடக்காது. ஆகவே 31. இன்னொரு பக்கம், ப − 1 என்ற அடியில் மீதி கட்டாயம் 1 ஆக இருக்கும் என்று ஃபெர்மாவின் தேற்றம் சொல்கிறது. அப்படியானால் ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை, ஆக ப − 1 இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்தால் ப − 1 என்பது 62-இன் மடங்கு. 63, 125, 187 என்று 62 விட்டு 62 விட்டு நிற்கும் எண்களைத் தவிர வேறு எதுவும் நம் எண்ணை வகுக்கவே முடியாது!

மேலே சொன்ன பழைய காரணிகளை இதே உரைகல்லில் உரசிப் பாருங்கள். 11-ஆம் அடுக்குக்கு 22 விட்டு 22: 23-உம் 89-உம் அப்படித்தான் வருகின்றன. 29-ஆம் அடுக்குக்கு 58 விட்டு 58: 233 = 58 × 4 + 1, 1103 = 58 × 19 + 1, 2089 = 58 × 36 + 1. முதல் தடவை இதைச் சரிபார்த்தபோது நோட்டை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அதே சந்தோஷம்தான்.

இன்னொரு சல்லடையும் இருக்கிறது. 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1 என்றால், 2³²-ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது ஒரு வர்க்க எண்ணை ப-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது. எல்லாப் பகா எண்ணுக்கும் இப்படி நடக்காது. 7-க்கு நடக்கும் (9-ஐ வகுத்தால் மீதி 2), 17-க்கு நடக்கும் (36-ஐ வகுத்துப் பாருங்கள்), 23-க்கும் நடக்கும் (25). 3, 5, 11, 13 ஆகியவற்றுக்கு எந்த வர்க்கத்தை எடுத்தாலும் நடக்காது. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டும்தான் நடக்கும் என்பது நிறுவப்பட்ட விதி. முதல் சல்லடையோடு இதையும் சேர்த்தால், ப என்பது 248-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ, 63 கூட்டியதாகவோ மட்டுமே இருக்க முடியும். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்கள், 63-ஐ விட்டுவிட்டால், 372. அவற்றிலும் பகா எண்களாக இருப்பவை எண்பது சொச்சம்தான். ஐம்பது நாள் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட்டது.

ஆரம்பத்தை மட்டும் செய்து காட்டுகிறேன். 63 பகா எண் இல்லை. அடுத்தது 249, அது 3 × 83. அடுத்தது 311, இது பகா எண். 2147483647-ஐ 311-ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. போகாது. பிறகு 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் பகு எண்கள், தாண்டிவிடலாம். அடுத்து 1303. வகுத்தால் மீதி 226, இதுவும் போகாது. இப்படியே 46340 வரை போனால் ஒன்றும் வகுக்காது. ஒரு முழு நாளும் ஒரு நோட்டும் இருந்தால் இந்த உண்மையை யாரையும் கேட்காமல், எந்தக் கணினியையும் நம்பாமல், நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். பத்து இலக்க எண்ணுக்கு இப்படியொரு வாய்ப்பு கிடைப்பது அபூர்வம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறொரு பத்து இலக்கப் பகா எண்ணுக்கு இந்தச் சல்லடைகள் கிடைக்காது.

இதைவிடச் சுருக்கமான சோதனை ஒன்றும் உண்டு. பிரான்சின் லூகாஸ் 1870-களில் தொடங்கியது, அமெரிக்காவின் லேமர் பின்னர் செம்மைப்படுத்தியது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். வந்ததை நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வர்க்கம், மறுபடியும் 2-ஐக் கழித்தல். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்த பிறகு பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 2⁷ − 1 = 127-க்குப் பார்ப்போம்: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தாவது அடியில் பூஜ்யம், 127 பகா எண். 2047-க்கு ஒன்பது அடிகள் போய்ப் பார்த்தால் 1736-இல் வந்து நிற்கிறது, ஆக அது பகு எண். காரணி என்னவென்றே தெரியாமல் பகு எண் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது, கவனித்தீர்களா! நம் எண்ணுக்கு 29 அடிகள் போதும். 1876-இல் லூகாஸ் தன் முறையைக் கொண்டுதான் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணுக்கும் உறுதிச் சான்று இதே 4, 14, 194 சோதனைதான்.

இனி, அந்தத் தற்செயலின் பயன். பகா எண்ணுக்கு ஒரு பண்பு உண்டு: அதைவிடச் சிறிய எண்களில் சில, தன் அடுக்குகளாலேயே மற்ற எல்லா எண்களையும் தொட்டுவிடும். 7-ஐ வகுஎண்ணாக வைத்து 3-இன் அடுக்குகளின் மீதிகளைப் பார்த்தால் 3, 2, 6, 4, 5, 1 என்று ஆறும் வந்துவிடும். 2-க்கு அந்த வலு இல்லை, 2, 4, 1-இலேயே திரும்பிவிடும். நம் எண்ணுக்கு அப்படி எல்லாவற்றையும் தொடும் மிகச் சிறிய எண் 7. அதன் அடுக்குகள் 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும்.

இதைக் கணினியில் குலுக்கல் எண்கள் எடுக்கப் பயன்படுத்தலாம் அல்லவா? ஆனால் 7-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 7, 49, 343 என்று ஆரம்பத்தில் சீராக ஏறுவது அப்பட்டமாகத் தெரியும். அதற்குப் பதிலாக 7⁵ = 16807-ஐ எடுத்தார்கள். ஏன் ஐந்தாம் அடுக்கு? நம் எண்ணில் ஒன்றைக் குறைத்து 2147483646-ஐக் காரணிப்படுத்துங்கள்: 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. இதில் 5 இல்லை. 5 அதை வகுத்திருந்தால் 7⁵ ஐந்தில் ஒரு பங்கு எண்களை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கும். 2, 3, 4 ஆகிய அடுக்குகள் கழன்றுவிடுவதற்கும் இதுதான் காரணம். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று ஓடும். 1969-இல் ஐபிஎம் கணினிகளுக்காக முன்வைக்கப்பட்ட இந்தப் பெருக்கியை, 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்தார்கள். நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அவர்கள் கொடுத்த சோதனை எளிது: 1-இல் தொடங்கி பத்தாயிரம் முறை ஓட்டினால் 1043618065 வரவேண்டும். சி பிளஸ் பிளஸ் தெரிந்தவர்கள் இன்றைக்கே ஓட்டிப் பார்க்கலாம், மொழியோடு வரும் நூலகத்திலேயே இது இருக்கிறது.

எண்ணின் வடிவம் இங்கேயும் கைகொடுக்கிறது. 999-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டால், மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கூட்டிவிடலாம்: 123456-க்கு 123 + 456 = 579, அதுதான் மீதி. நம் எண்ணுக்கும் அதே வழிதான், 31 பிட்டாகப் பிரித்துக் கூட்டினால் ஆயிற்று. வகுத்தல் மெதுவாக நடந்த அந்தக் காலக் கணினிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கடவுச்சொல், ஓடிபி, பணப் பரிமாற்றம் போன்றவற்றுக்கு இந்தக் குலுக்கலைத் தொடவே கூடாது. இதில் வரும் ஓர் எண் தெரிந்தால் அடுத்து வருவது அத்தனையும் தெரிந்துவிடும். பெரிய உருவகக் கணக்கீடுகளுக்கும் (சிமுலேஷன்) இந்த 214 கோடிச் சுற்று இன்று போதாது, நவீனக் கணினி அதை விநாடிகளில் தீர்த்துவிடும்.

நிறைவெண் பற்றிச் சுருக்கமாக. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை தானே ஆக இருக்கும் எண் நிறைவெண்: 6 = 1 + 2 + 3. 2³⁰-ஐ நம் எண்ணால் பெருக்கினால் 2305843008139952128 என்ற எட்டாவது நிறைவெண் கிடைக்கும். 2ⁿ − 1 வடிவத்தில் வரும் இத்தகைய பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இப்படி வருபவைதான் என்று ஆய்லர் நிறுவினார். 1811-இல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இவை வெறும் ஆர்வத்துக்கானவை, பயனற்றவை என்று எழுதினார். அந்தக் கணிப்பு பொய்த்தது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த பண்பு. நம் எண்ணின் அடுக்கு 31. அந்த 31-உம் அதே வடிவம்தான்: 2⁵ − 1. 5-இலிருந்து 31, 31-இலிருந்து 2147483647 என்று இரண்டு படி ஏறியிருக்கிறோம். இப்படி இரண்டு படி ஏறியும் பகா எண்ணாகவே நிற்பவை இதுவரை தெரிந்தவற்றில் நான்கே நான்கு: 7, 127, நம் எண், அப்புறம் 2¹²⁷ − 1. சரி, மூன்றாவது படி ஏறினால்? 2-ஐ 2147483647 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் வரும். அதை எழுதி வைக்கவே பெரிய நூலகம் வேண்டும். ஆனால் அது பகு எண் என்று தெரியும், 295257526626031 அதை வகுக்கும். இந்தக் காரணியை எங்கே தேடினார்கள் தெரியுமா? ஆய்லர் 62 விட்டு 62 விட்டுத் தேடிய அதே விதிப்படிதான், இங்கே அடுக்கு நம் எண் என்பதால் அதன் இருமடங்கு விட்டு இருமடங்கு. ஒன்றைக் கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 137490 வரும். காகிதத்தில் செய்தால் ஒரு பக்கம்கூட ஆகாது. 127-இலிருந்து 2¹²⁷ − 1-க்குப் போகும் இன்னோர் ஏணியும் இருக்கிறது. அதில் அடுத்த படியில் இருப்பது பகா எண்ணா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதற்கும் காரணியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இதே விதிப்படி.